கட்டளைவரியா, சாளரமா? லினக்ஸின் அன்றாடப் பயனரை முன்வைத்து ஓர் ஆய்வு

லினக்ஸ் கணினியை வீட்டிலோ பள்ளியிலோ சிறு அலுவலகத்திலோ பயன்படுத்தும் ஒருவர், டெர்மினலைத் திறந்து கட்டளை தட்டச்சு செய்யக் கற்க வேண்டுமா? அவர் நிரல் எழுதுபவர் அல்லர். சர்வரைப் பராமரிப்பவரும் அல்லர். கடிதம் எழுதுகிறார், படங்களைச் சேமித்து வைக்கிறார், வங்கிக் கணக்கைப் பார்க்கிறார், அவ்வப்போது பிரின்டரோடு மல்லுக்கட்டுகிறார். அவருக்குச் சாளரமும் மவுஸும் போதுமா, கட்டளைவரியும் வேண்டுமா என்ற கேள்வி லினக்ஸைவிட மூத்தது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் கெர்னலை வெளியிடுவதற்கு முன்பே இரு தரப்பும் தத்தம் வாதங்களைத் தீட்டி முடித்திருந்தன. லினக்ஸ் அந்த வழக்கை அப்படியே ஏற்றுக்கொண்டது.

அந்த வழக்கின் முக்கிய நிலைப்பாடுகள் எங்கிருந்து வந்தன, எங்கே வலுவிழக்கின்றன என்று இக்கட்டுரை பார்க்கிறது. விவாதம் பெரும்பாலும் எழுத்தா படமா என்ற அளவிலேயே நடந்திருக்கிறது. ஆனால் கிடைக்கும் சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் வேறு இரண்டு கேள்விகள் மேலெழுகின்றன. ஒரு செயலைச் செய்வதற்கு முன் அதன் விளைவு பயனருக்குத் தெரிகிறதா? செய்து முடித்தபின் அதைத் திரும்பப் பெற முடிகிறதா?

விநாடிக்குப் பத்து எழுத்து

கட்டளைவரியின் குணங்களைப் புரிந்துகொள்ள அது பிறந்த இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யுனிக்ஸ் வளர்ந்த முதல் ஆண்டுகளில், அதைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் டெலிடைப் மாடல் 33 முன் அமர்ந்திருந்தார்கள். விசைப்பலகையும் காகிதச் சுருளும் கொண்ட அச்சு இயந்திரம் அது; திரை கிடையாது. அதன் வேகம் விநாடிக்கு 10 எழுத்து. 100 கோப்புகளின் விவரப் பட்டியலைக் கேட்டால், வரிக்கு 60 எழுத்து என்று வைத்துக்கொண்டாலும், அச்சடித்து முடிக்கப் 10 நிமிடம் ஆகும்.

இந்த நிலையில் கட்டளைகள் சுருங்கியதில் வியப்பில்லை. பட்டியலிட 'எல்எஸ்', நகலெடுக்க 'சிபி', அழிக்க 'ஆர்எம்' என இரண்டெழுத்தில் நின்றன. வேலை ஒழுங்காக முடிந்தால் கணினி எதுவும் சொல்லாது. தவறினால் மட்டும் ஒரு வரி அச்சடிக்கும். 1973-இல் டக் மெக்கில்ராயின் யோசனைப்படி 'பைப்' வந்தது. ஒரு நிரலின் வெளியீடு அடுத்த நிரலுக்கு உள்ளீடாகச் சென்றது. அப்போது மௌனம் ஒரு வடிவமைப்புத் தேவையாகவே ஆகிவிட்டது. நிரல்கள் இடையிடையே பேசினால் அந்தப் பேச்சும் தரவோடு கலந்துவிடும் அல்லவா?

ஆக, கட்டளைவரிக்கு மூன்று குணங்கள் சேர்ந்தன: சுருக்கம், மௌனம், ஒன்றோடொன்று இணையும் திறன். முதலாவது இயந்திரத்தின் வேகக் குறைவு தந்தது. மூன்றாவது ஒரு நல்ல சிந்தனையின் விளைவு. மௌனத்துக்கு இரண்டு பெற்றோர். கட்டளைவரியின் ஆதரவாளர்கள் புகழ்வதெல்லாம் மூன்றாவதை. எதிர்ப்பாளர்கள் சாடுவதெல்லாம் முதல் இரண்டை. இரு தரப்பும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால்தான் வழக்கு இவ்வளவு காலம் நீண்டது என்று தோன்றுகிறது.

அந்தச் சாடலின் கூர்மையான வடிவம் 1981-இல் 'டேட்டாமேஷன்' இதழில் உளவியலாளர் டொனால்டு நார்மன் எழுதிய கட்டுரை. யுனிக்ஸின் உட்கட்டமைப்பை அவர் குறை சொல்லவில்லை. கட்டளைப் பெயர்களுக்கும் அவற்றின் வேலைக்கும் தொடர்பில்லை, ஒரு கட்டளைக்கும் இன்னொன்றுக்கும் ஒழுங்கு இல்லை, கணினி என்ன நிலையில் இருக்கிறது என்று பயனருக்குத் தெரிவதில்லை என்பவையே அவர் புகார்கள். நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆகியும் இவற்றில் பாதி அப்படியே நிற்கிறது. பெயர் வைப்பதில் உள்ள சிக்கல் ஆழமானது என்பதை 1987-இல் ஜார்ஜ் ஃபர்னாஸும் உடன் ஆய்வாளர்களும் காட்டினர். ஒரே பொருளுக்கு இருவர் தாமாகவே ஒரே பெயரைச் சூட்டும் வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவு. அப்படியானால், வடிவமைப்பாளர் எவ்வளவு யோசித்துப் பெயர் வைத்தாலும் பெரும்பாலான பயனர்கள் அதை ஊகித்துக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கண்ணால் கண்டு, கையால் தொட்டு

மறுதரப்பின் வரலாறும் அதே பத்தாண்டுகளில் தொடங்குகிறது. 1968 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸை மேடையில் இயக்கிக் காட்டினார். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஆல்டோ கணினி 1973-இல் வந்தது. 1981-இல் ஜெராக்ஸ் ஸ்டார் விற்பனைக்கு வந்தபோது விலை 16,595 டாலர். 1984-இல் ஆப்பிளின் மேக்கின்டாஷ் 2,495 டாலர். சாளரம் பொதுமக்களிடம் வந்தது இந்த விலைச் சரிவால்தான்.

இதற்குக் கோட்பாட்டு அடித்தளம் இட்டவர் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பென் ஷ்னைடர்மன். 1983-இல் அவர் 'நேரடிக் கையாளுகை' என்ற கருத்தை விரித்து எழுதினார். அதில் மூன்று கூறுகள் உண்டு. வேலை செய்யும் பொருள் எப்போதும் கண்முன் இருக்க வேண்டும். இலக்கணம் பிசகாமல் கட்டளை எழுதுவதற்குப் பதில் தொட்டு நகர்த்தும் செயல் இருக்க வேண்டும். ஒவ்வொரு செயலும் சிறியதாக, உடனே விளைவு காட்டுவதாக, திரும்பப் பெறத்தக்கதாக இருக்க வேண்டும்.

முதல் இரண்டு கூறுகளே பெரிதாகப் பேசப்பட்டன. நினைவிலிருந்து எடுப்பதைவிடக் கண்டு அடையாளம் காண்பது எளிது என்ற உளவியல் உண்மை அவற்றுக்குத் துணை நின்றது. மூன்றாவது கூறு பின்னால் தள்ளப்பட்டது. உண்மையில் அதுதான் படத்தோடு ஒட்டாத கூறு. திரும்பப் பெறும் வசதியை எழுத்து இடைமுகத்திலும் வைக்கலாம். வரைகலை இடைமுகத்தில் கோப்பை அழித்தால் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. 'ஆர்எம்' கொடுத்தால் போயே போய்விடுகிறது. இந்த வேறுபாட்டுக்கும் மவுஸுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கட்டளைவரியிலிருந்தே கோப்பைத் தொட்டிக்கு அனுப்பும் 'ஜிஐஓ டிராஷ்' கட்டளை இன்று லினக்ஸின் க்னோம் மேசைச்சூழலில் இருக்கிறது. புதியவருக்கு முதலில் சொல்லித்தரப்படுவது என்னவோ 'ஆர்எம்'தான்.

நேரடிக் கையாளுகையின் எல்லையையும் விரைவிலேயே கண்டுகொண்டார்கள். 1985-இல் எட்வின் ஹட்சின்ஸ், ஜேம்ஸ் ஹாலன், நார்மன் மூவரும் சேர்ந்து எழுதியபோது, திரும்பத் திரும்பச் செய்யும் வேலையையும் கண்ணுக்குத் தெரியாத பொருள்களைப் பற்றிய வேலையையும் கையால் தொட்டுச் செய்வது கடினம் என்றார்கள். 1981-இல் யுனிக்ஸைச் சாடிய அதே நார்மன் இங்கே சாளரத்தின் குறையையும் பதிவு செய்கிறார். 1996-இல் டான் ஜென்ட்னரும் யாக்கோப் நீல்சனும் மேக்கின்டாஷின் ஒவ்வொரு கொள்கையையும் வேண்டுமென்றே தலைகீழாக்கிப் பார்த்து, பயனர் வளர வளர மொழியின் துணை தேவைப்படும் என்று வாதிட்டனர்.

லினக்ஸுக்குள் நடந்தது

லினக்ஸ் உலகில் இந்த வரலாறு சற்று அவசரமாக மறுபடி நிகழ்ந்தது. 1996 அக்டோபரில் ஜெர்மனியில் மாணவராக இருந்த மத்தியாஸ் எட்ரிச் கேடிஇ மேசைச்சூழல் திட்டத்தை அறிவித்தார். அதன் அடிப்படையான க்யூட்டி நூலகத்தின் உரிமம் பற்றிய அதிருப்தியால், 1997 ஆகஸ்டில் மெக்சிகோவின் மிகேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் க்னோமைத் தொடங்கினர். 2004 அக்டோபரில் உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கல் வந்தது.

இதில் நின்று பார்க்க வேண்டிய இடம் 2002. அந்த ஆண்டு வெளியான க்னோம் 2 ஏராளமான விருப்பத் தேர்வுகளை நீக்கியது. அதன் பின்னால் இருந்த சிந்தனையை ஹாவக் பென்னிங்டன் வெளிப்படையாக எழுதினார்: ஒவ்வொரு விருப்பத் தேர்வுக்கும் ஒரு விலை உண்டு, அது சோதனையைக் கடினமாக்குகிறது, பயனரைக் குழப்புகிறது, வடிவமைப்பாளர் தீர்மானிக்க வேண்டியதைப் பயனர் தலையில் கட்டுகிறது. வாதம் நியாயமானது. டோர்வால்ட்ஸ் 2005-இல் இதைக் கடுமையாக எதிர்த்து, கேடிஇ-யைப் பயன்படுத்தச் சொன்னார்.

இரு தரப்பும் அதிகம் பேசாத பக்கவிளைவு ஒன்று உண்டு. சாளரத்திலிருந்து நீக்கிய தேர்வுகள் மறைந்துவிடவில்லை. அமைப்புத் தரவுத்தளத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. அவற்றை மாற்ற விரும்பியவர் அதற்கென ஒரு தனிக் கருவியை நிறுவ வேண்டும், அல்லது டெர்மினலைத் திறக்க வேண்டும். சாளரம் எளிமையாக ஆக, மிச்ச வேலை கட்டளைவரிக்குத் தள்ளப்பட்டது. பயனர் முழுநேரமும் சாளரத்தில் இருந்துவிட்டு, இக்கட்டான நேரத்தில் மட்டும் முன்பின் பார்த்திராத டெர்மினலுக்கு வருகிறார். இந்த மாறுமிடம்தான் அன்றாடப் பயனர் இடறும் இடம்.

வேகம் பற்றிய வாதம்

கட்டளைவரி வேகமானது என்பது அடிக்கடி கேட்கும் வாதம். இதில் சான்றுகள் எதிரெதிராக நிற்கின்றன. ஆப்பிளின் புரூஸ் டொக்னாசினி 1989-இல் எழுதியது: விசைப்பலகைதான் வேகம் என்று பயனர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள்; கடிகாரத்தை வைத்து அளந்தால் மவுஸே வேகமாக இருக்கிறது. ஆனால் அந்த அளவீடுகளின் முழுத் தரவு பிறர் சரிபார்க்கும் வகையில் வெளிவரவில்லை. அவர் ஒப்பிட்டதும் சாளரத்துக்குள் இருக்கும் விசைச் சுருக்கங்களைத்தான், கட்டளைவரியை அன்று. 2005-இல் டேவிட் லேனும் உடன் ஆய்வாளர்களும் நேர்மாறான முடிவுக்கு வந்தனர். விசைச் சுருக்கமே வேகம். ஆனால் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள்கூட அதற்கு மாறாமல் ஐகானையே சொடுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் மாறுவதில்லை என்பதற்கு ஜான் கேரலும் மேரி பெத் ராசனும் 1987-இலேயே விளக்கம் தந்திருந்தார்கள். பயனருக்கு வேலை முடிந்தாக வேண்டும். புதிய வழியைக் கற்க நேரம் செலவிட்டால் நாளை மிச்சமாகும் என்று தெரிந்தாலும், இன்றைய வேலையை அறிந்த வழியிலேயே முடித்துவிட்டுப் போகிறார். இது சோம்பல் ஆகாது; வேலை நெருக்கடியில் இருப்பவர் எடுக்கும் நியாயமான முடிவு. 'கொஞ்சம் முயன்று கற்றால் பிறகு எளிது' என்று கட்டளைவரி ஆதரவாளர்கள் தரும் அறிவுரை பெரும்பாலும் செவியேறாததற்குக் காரணம் இதுதான்.

வேகம் வேலையைப் பொறுத்தது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ஒரு கோப்புக்குப் பெயர் மாற்ற மவுஸ் போதும். திருமணப் படங்கள் 300-க்கும் தேதியை முன்னால் சேர்த்துப் பெயர் மாற்ற வேண்டுமென்றால் கட்டளைவரியில் ஒரே வரி. 2016-இல் க்னோமின் கோப்பு மேலாளர் இதே வேலையைச் சாளரத்துக்குள் கொண்டுவந்தது: படங்களைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தினால் போதும். பழைய பெயரும் புதிய பெயரும் அருகருகே தெரியும். பார்த்துவிட்டு உறுதி செய்யலாம். அன்றாடப் பயனருக்கு இது ஒற்றை வரிக் கட்டளையைவிட நல்லது என்பதே என் மதிப்பீடு. ஆனால் அந்தச் சாளரத்தைச் செய்ய யாரோ ஒருவர் அந்தத் தேவையை முன்கூட்டியே ஊகித்திருக்க வேண்டும். 'கிடைமட்டமாக எடுத்த படங்களை மட்டும் பிரித்து, அளவைக் குறைத்து, தனிக் கோப்புறையில் வை' என்ற தேவையை எவரும் ஊகித்திருக்கவில்லை என்றால், அதற்குச் சாளரம் இல்லை. எவரும் ஊகிக்காத தேவைக்கும் கட்டளைவரியில் வழி உண்டு. அதன் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது, வேகத்தில் இல்லை.

1985-இன் ஒரு பரிசோதனை

இந்த வழக்கில் மிகவும் பயனுள்ள சான்று, விந்தையாக, மிகக் குறைவாகவே எடுத்தாளப்படுகிறது. 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ஜான் வைட்சைடும் உடன் ஆய்வாளர்களும் கட்டளை, மெனு, ஐகான் என மூன்று பாணிகளிலான 7 இடைமுகங்களை எடுத்துக்கொண்டு, அனுபவத்தில் வேறுபட்ட 76 பேரிடம் சோதித்தார்கள். இடைமுகங்களுக்கிடையே பெரிய வேறுபாடுகள் தெரிந்தன. ஆனால் அவை பாணியோடு பொருந்தவில்லை. கற்க எளிதானது பழகியபின் கடினமாகத்தான் இருக்கும் என்ற பொது நம்பிக்கைக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. எவ்வளவு கவனத்தோடு செய்யப்பட்டது என்பதே பயனரின் வெற்றியைத் தீர்மானித்தது.

இந்த முடிவை இன்றைக்கு அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. அன்றைய ஐகான் இடைமுகங்கள் கைக்குழந்தைகள். 76 பேர் என்பதும் சிறிய எண்ணிக்கை. சோதனை நடந்தது சில மணி நேர வேலையில், பல ஆண்டுப் பழக்கத்தில் அன்று. ஆயினும் பாணியையே விடையாக எண்ணி வாதிடுபவர்கள் பதில் சொல்ல வேண்டிய ஆய்வு இது. டெர்மினல் என்றாலே கடினம், சாளரம் என்றாலே எளிது என்று சொல்வதற்கு இதில் இடமில்லை.

2021: ஒரு நிறுவலின் கதை

கவனம் என்றால் என்ன என்பதைக் காட்ட, உலகமே பார்த்த ஒரு நிகழ்வு உண்டு. 2021 நவம்பரில் கனடாவின் யூடியூபர் லினஸ் செபாஸ்டியன் வீட்டுக் கணினியில் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வழங்கலை நிறுவிப் பயன்படுத்திப் பார்த்தார். ஸ்டீம் விளையாட்டு மென்பொருளை நிறுவ, முறைப்படி பாப் ஓஎஸ்ஸின் மென்பொருள் கடையைத் திறந்து பொத்தானை அழுத்தினார். பிழைச் செய்தி வந்தது, நிறுவல் நின்றது. பிறகு, இணையத்தில் தேடுகிற எவரும் செய்வதுபோல, டெர்மினலைத் திறந்து, மென்பொருளை நிறுவும் 'ஆப்ட்' கட்டளையைக் கொடுத்தார். திரையில் மென்பொருள் பொட்டலங்களின் பெயர்கள் நீளமாக ஓடின. நீக்கப்படவிருந்தவற்றின் பட்டியலில் மேசைச்சூழலே இருந்தது. அடிப்படைப் பொட்டலங்கள் நீங்கும் என்ற எச்சரிக்கையும் வந்தது. தொடர வேண்டுமானால் 'ஆம், நான் சொன்னபடி செய்' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தைத் தட்டச்சு செய்யும்படி கேட்டது. செய்தார். கணினி மறுதொடக்கம் ஆனபோது சாளரங்கள் எல்லாம் போய், எழுத்துத் திரை மட்டும் எஞ்சியது.

இதை ஆளாளுக்கு ஒரு விதமாக வாசித்தார்கள். எச்சரிக்கையைப் படிக்காதது அவர் பிழை என்றார்கள் சிலர். டெர்மினல் ஆபத்தானது என்பதற்கு இதுவே சாட்சி என்றார்கள் வேறு சிலர். இரண்டுமே முழுமையற்றவை. பொட்டலங்களின் சார்புகளில் இருந்த ஒரு பிழைதான் மூலம். அதைப் பயனர் அறிய வழியில்லை. சாளரம் சரியாகவே மறுத்தது, ஆனால் ஏன் மறுத்தது என்று மனிதருக்குப் புரியும்படி சொல்லவில்லை. அதனால்தான் அவர் அங்கிருந்து வெளியேறினார். டெர்மினல் எல்லாவற்றையும் சொன்னது, ஆனால் முக்கியமானதையும் முக்கியமற்றதையும் ஒரே கனத்தில் கொட்டியது, பிறகு கீழ்ப்படிந்தது. ஒன்று காரணம் சொல்லாமல் நின்றது. மற்றது காரணம் புரியும் முன்னே நடந்தேறியது. இரண்டிலும் திரும்பும் வழி இல்லை.

பிழை விரைவில் திருத்தப்பட்டது. ஆப்ட் கருவியும் அடிப்படைப் பொட்டலங்களை அவ்வளவு எளிதில் நீக்க விடாதபடி மாற்றப்பட்டது. பல ஆண்டுகள் இருந்துவந்த ஒரு நடத்தை, புதியவர் ஒருவர் கேமரா முன் இடறிய பிறகே மாறியது. புதியவர்களை அமர்த்திப் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்று இடைமுக ஆய்வாளர்கள் சொல்லிவருவதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேட வேண்டியதில்லை.

கற்பிப்பவரின் கணக்கு

கட்டளைவரிக்கு ஆதரவாக வேறொரு வலுவான வாதம் உண்டு. கட்டளையை எழுதிக் கொடுக்கலாம். எழுதியதை இன்னொருவர் அப்படியே பின்பற்றலாம். ஆண்டுகள் கடந்தாலும் அது பெரும்பாலும் செல்லும். சாளரத்தை விளக்கப் படம் வேண்டும். அடுத்த பதிப்பில் படம் பழையதாகிவிடும்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. 2018-இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூலில் விண்டோஸோடு உபுண்டுவும் இடம்பெற்றது. வரவேற்க வேண்டிய சேர்க்கை. ஆனால் அதில் விளக்கப்பட்ட ஐகான்களும் லாஞ்சரும் யூனிட்டி மேசைச்சூழலுக்கு உரியவை. உபுண்டு 2017 அக்டோபரிலேயே யூனிட்டியைக் கைவிட்டு க்னோமுக்கு மாறிவிட்டிருந்தது. மாணவர் புதிய பதிப்பை நிறுவினால் புத்தகத்தில் உள்ள திரை வேறு, கணினியில் உள்ள திரை வேறு. அதே நேரத்தில் 'ஆப்ட்-கெட் இன்ஸ்டால்' என்ற கட்டளை இருபதாண்டுகளாக மாறாமல் வேலை செய்கிறது.

ஆனால் இந்த வாதத்தையும் மிகைப்படுத்தக் கூடாது. பிணைய அமைப்பைக் காட்டும் பழைய 'ஐஎஃப்கான்ஃபிக்' இன்று பல வழங்கல்களில் இயல்பாக வருவதில்லை. சேவைகளைத் தொடங்கும் கட்டளைகள் 'சிஸ்டம்டி' வந்தபின் மாறின. ஆப்ட் ஃபெடோராவுக்குச் செல்லாது. தவிர, புரியாமல் நகலெடுத்து ஒட்டும் பழக்கம், அதுவும் நிர்வாகி அதிகாரத்தோடு, ஒரு பாதுகாப்புச் சிக்கல்.

மறுபுறம் கேரளத்தின் அனுபவம் இருக்கிறது. அங்கே அரசுப் பள்ளிகளுக்கான கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தன் சொந்த வழங்கலைத் தருகிறது. மாணவர்கள் லிப்ரே ஆபீஸ், ஜிம்ப், ஜியோஜீப்ரா போன்றவற்றைச் சாளரத்திலேயே கற்கிறார்கள். பாடநூலும் மென்பொருளும் ஒரே கையில் இருப்பதால், படம் பழையதாகும் சிக்கலைப் பெருமளவு சமாளிக்க முடிகிறது. டெர்மினல் இன்றியே ஒரு தலைமுறை லினக்ஸில் பழக முடியும் என்பதற்கு இது போதிய சான்று. ஆனால் பின்னணியில் பழுது பார்க்க ஓர் அமைப்பு இருக்கிறது. வீட்டில் தனியாக இருக்கும் பயனருக்கு அது இல்லை.

தமிழ் எழுத்துக்கு இடமில்லாத கட்டம்

தமிழ்ப் பயனருக்கு இந்தக் கேள்வியில் ஒரு கூடுதல் பரிமாணம் உண்டு. ஆங்கிலத்தில் நடக்கும் விவாதங்கள் அதைத் தொடுவதே இல்லை.

டெர்மினல் என்பது சம அளவுக் கட்டங்களாலான தாள். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். ஆங்கிலத்துக்கு இது பொருந்தும். தமிழில் 'கொ' என்பது கணினிக்குள் 'க' என்ற குறியும் அதைத் தொடரும் உயிர்க்குறியும். திரையில் அந்த உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். 'ணௌ' போன்ற எழுத்து ஒரு கட்டத்தில் அடங்காது. சில டெர்மினல் நிரல்கள் இதை ஓரளவு சரியாகக் காட்டுகின்றன. பலவற்றில் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், கர்சர் எழுத்துக்கு நடுவில் நிற்கும். வரைகலைச் சூழலே இல்லாத லினக்ஸ் கன்சோலில் நிலைமை இன்னும் மோசம். அதன் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்களே இடம்பெறும், குறிகளை இடம் மாற்றி அடுக்கும் வசதியும் கிடையாது. சாளரம் உடைந்து பயனர் கன்சோலில் விழும் அந்த நெருக்கடியான தருணத்தில், செய்தி தமிழில் மொழிபெயர்க்கப்பட்டிருந்தாலும் அவரால் படிக்க முடியாது.

தட்டச்சும் அப்படித்தான். 'பொங்கல் மலர்' என்ற கோப்பை நகலெடுக்க வேண்டுமென்றால், கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து, தமிழ்99-க்கு மாறிக் கோப்பின் பெயரைத் தொடங்கி, டேப் விசையால் நிரப்பி, மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற வேண்டும். சாளரத்தில் அதே கோப்பைப் பிடித்து இழுத்தால் முடிந்தது. ஹார்ஃப்பஸ், பாங்கோ போன்ற நூலகங்களின் உதவியால் சாளரங்கள் தமிழை அழகாகவே காட்டுகின்றன. க்னோம், கேடிஇ இரண்டிலும் தன்னார்வலர்கள் மெனுக்களைத் தமிழாக்கியிருக்கிறார்கள். தமிழிலேயே கணினியைப் பயன்படுத்த விரும்புபவருக்கு, இன்றைய நிலையில், சாளரமே பொருத்தமானது என்று தயங்காமல் சொல்லலாம். இது கட்டளைவரி என்ற கருத்தின் குறையன்று. டெர்மினல்கள் 1978-இன் விடி100 முனையத்தின் கட்டத்தை இன்றும் பின்பற்றுவதன் விளைவு.

பார்வையற்ற பயனர்

எழுத்து இடைமுகமே பார்வையற்றோருக்கு உகந்தது என்ற கருத்து பரவலாக இருக்கிறது. டி. வி. ராமனின் ஈமாக்ஸ்பீக் என்ற பேச்சு இடைமுகம் 1995 முதல் அதற்கு வலுச் சேர்த்தது. பிரெய்ல் கருவிகளும் எழுத்துத் திரையோடு இயல்பாக ஒத்துழைக்கின்றன. ஆனால் 2021-இல் ஹரிணி சம்பத்தும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இதைத் திருத்துகிறது. டெர்மினல் கொட்டும் நீளமான, கட்டமைப்பற்ற எழுத்துக் குவியலில் திரைவாசிப்பான் மூலம் தேவையான வரியைத் தேடுவது பெரும்பாடு. தலைப்பு, அட்டவணை என்ற அடையாளங்கள் இருந்தால் தாவிச் செல்லலாம். வெறும் எழுத்தில் அவை இல்லை. 2021 நிறுவலில் கண்ணுள்ளவரையே வீழ்த்தியது இந்தக் குவியல்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நடுவழிகள்

இரண்டுக்கும் இடையில் பல முயற்சிகள் நடந்திருக்கின்றன. சூசே வழங்கலின் யாஸ்ட், ஒரே நிர்வாகக் கருவியைச் சாளரமாகவும் எழுத்துத் திரை மெனுவாகவும் தந்தது. சாளரம் உடைந்தாலும் பழகிய மெனு கைகொடுத்தது. 2012-இல் உபுண்டு, மெனுவில் உள்ள கட்டளைகளைத் தட்டச்சு செய்து தேடும் வசதியைத் தந்தது. யூனிட்டியோடு அது மறைந்தாலும், அதே கருத்து நிரலாளர்களின் எடிட்டர்களில் செழிக்கிறது. சொல்லைத் தட்டச்சு செய்ததும் பொருந்துபவை கண்முன் வருவதால், நினைவும் அடையாளம் காணலும் அங்கே கைகோக்கின்றன.

இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது, இடைமுகமே அல்லாத ஒரு மாற்றம். 2018-இல் வந்த லினக்ஸ் மின்ட் 19, டைம்ஷிஃப்ட் என்ற கருவியை முன்னிறுத்தியது: கணினியின் நிலையை அவ்வப்போது பதிந்து வைத்து, கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஃபெடோரா சில்வர்ப்ளூ போன்றவை, புதுப்பித்தலில் கோளாறு நேர்ந்தால் கணினியைத் தொடங்கும்போதே முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுக்க விடுகின்றன. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் அடிப்படை அமைப்பையே எழுத முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறது. ஷ்னைடர்மனின் மூன்றாவது கூறு இங்கே கணினி முழுமைக்கும் விரிகிறது. திரும்பும் வழி உறுதியானால், டெர்மினலில் தவறிழைப்பதும் சாளரத்தில் தவறிழைப்பதும் ஏறத்தாழ ஒரே கனத்ததாகிவிடும்.

கடைசியாக, மொழி மாதிரிகள். தமிழிலேயே தேவையைச் சொன்னால் கட்டளையை எழுதித் தருகின்றன. பெயர்களை நினைவில் வைக்கும் சிக்கலுக்கு, ஃபர்னாஸ் காட்டிய அந்த ஊகச் சிக்கலுக்கு, இதைவிட நேரடியான தீர்வு இதுவரை வந்ததில்லை. ஆனால் கிடைத்த கட்டளை சரியா என்று படித்தறியும் திறனை அவை தருவதில்லை. தவறான கட்டளையையும் அதே உறுதியோடு எழுதித் தரக்கூடும். எழுதும் சுமை குறைந்து, சரிபார்க்கும் சுமை கூடுகிறது.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

சில தீர்ந்துவிட்டன என்று கொள்ளலாம். அன்றாட வேலைகளுக்கு டெர்மினல் தேவையில்லை. லினக்ஸ் கெர்னல்மீது இயங்கும் ஆண்ட்ராய்டைக் கோடிக்கணக்கானோர் டெர்மினல் என்ற சொல்லே கேட்காமல் பயன்படுத்துகிறார்கள். அதற்காகக் கட்டளைவரியை ஒழிப்பதும் சரியாகாது. எவரும் ஊகிக்காத தேவை வரும்போது அதற்கு மாற்று இல்லை. ஒரு பாணி இயல்பிலேயே மற்றதைவிட உயர்ந்தது என்ற கூற்றுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை.

தீராதவை மூன்று. சாளரத்தில் பழகிய ஒருவர் டெர்மினலுக்குள் நுழைய நேரும் அந்த மாறுமிடத்தை எப்படி அமைப்பது? அதற்காகச் சாளரம், தான் செய்யும் வேலைக்கு இணையான கட்டளையைக் காட்டினால் பயனர் மெல்லக் கற்பாரா, அல்லது கேரலும் ராசனும் சொன்னபடி அதைக் கவனியாமல் கடந்துபோவாரா? லத்தீன் அல்லாத எழுத்துகளுக்கு டெர்மினலின் கட்டத்தை மாற்றி அமைக்க முடியுமா, பழைய நிரல்கள் உடையாமல்? மொழி மாதிரிகள் தரும் கட்டளைகளை, இயக்கும் முன் அவற்றின் விளைவைக் காட்டும் ஒத்திகை வசதியோடு இணைக்க முடியுமா? முதலாவது வடிவமைப்பாளர்களின் கையில் இருக்கிறது. இரண்டாவதில் தமிழ் நிரலாளர்களுக்கு நேரடிப் பங்கு உண்டு. மூன்றாவது இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

அவை தீரும்வரை, தமிழில் லினக்ஸ் உதவிக் குறிப்பு எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். சாளரத்தில் வழி இருந்தால் அதை முதலில் எழுதுங்கள். டெர்மினல்தான் வழி என்றால், கட்டளையோடு இரண்டு வரிகள் சேருங்கள்: இது கணினியில் எதை மாற்றும், பழைய நிலைக்குத் திரும்ப என்ன செய்ய வேண்டும்.